இரும்பு வவ்வாலும் ஒரு வாத்தும்

மோந்து பார்த்தே அசலையும் போலியையும் பிரித்துவிடுவார் என்பதால் அவருக்கு மூக்கு என்று பெயர். வைத்தது, பழைய பபிள்கம் அட்டைகளைச் சேகரிக்கும் கூட்டம். அவர்கள் வைப்பதற்கு முன்பே வீட்டில் அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. தேவையில்லாத இடத்தில் எல்லாம் நுழைகிறார் என்று மனைவி வைத்தது அது. ஐம்பத்திரண்டு வயது மனிதரை மொட்டையாக மூக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. மூக்கார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் மரியாதை வேண்டும் என்று யாராவது கேட்டால், கதை முடிந்த பிறகும் கேட்கிறார்களா பார்க்கலாம்.

மூக்காருக்கு வங்கியில் வேலை. காசோலையில் போட்ட கையெழுத்தையும் வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருந்தினால் தலையாட்ட வேண்டும், பொருந்தாவிட்டால் உதட்டைப் பிதுக்க வேண்டும். இருபத்தாறு வருடங்களாக இதுதான். ஆட்டியதைவிடப் பிதுக்கியது அதிகம் என்பதால் கீழுதடு அந்த வாக்கிலேயே நின்றுவிட்டது.

தெருமுனையில் கால்சட்டை உயரம் குறைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா ஒருநாள் தன் கணக்கிலிருந்து தன் பணத்தை எடுக்க வந்தாள். மூக்கார் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உதடு வெளியே வந்தது.

"இது உங்க கையெழுத்து இல்லம்மா."

"இப்பதானே சார் உங்க கண்ணு முன்னாடி போட்டேன்?"

"போட்டது நீங்கதான். ஆனா கையெழுத்து உங்களுது இல்ல."

"அப்ப யாரோடது?"

"அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்? உங்களுது இல்ல, அவ்வளவுதான் என் வேலை."

ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல்களால் அவள் மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். வரிசை வாசல்வரை நீண்டது. கடைசியில் மூக்கார் மனமிரங்கி, "முடியிற இடத்துல ஒரு சுழி வரணும்மா, மேல பாத்து" என்றார். அவள் சுழித்தாள். நான்காவது கையெழுத்து நிறைவேறியது. முதல் மூன்றும் அவள் கை தானாகப் போட்டவை. நான்காவதுதான் யாரோ சொல்லிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. அதற்கு மூக்கார் தலையாட்டினார். இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், இவருடைய வாழ்க்கையின் மீதி தானாகப் புரியும்.

இனி அட்டை விவகாரம். மூக்கார் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு பபிள்கம் கம்பெனி, பாக்கெட்டுக்கு ஒன்றாக முகமூடி மல்யுத்த வீரர்களின் படம் போட்ட அட்டை வைத்து விற்றது. மொத்தம் அறுபது. அறுபதையும் சேர்த்து அனுப்பினால் ஒரு சைக்கிள் பரிசு. பரிசு கொடுக்கிற எண்ணம் கம்பெனிக்குக் கனவிலும் இல்லை. ஐம்பத்தொன்பதை மூட்டை மூட்டையாக அடித்துவிட்டு, நாற்பத்தொன்றாம் எண்ணான இரும்பு வவ்வாலை மட்டும், வழக்கு வந்தால் காட்டுவதற்காக, கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு அச்சடித்தது. குழந்தைகள் மென்றார்கள். தாடை வலிக்க மென்றார்கள். சைக்கிள் வரவில்லை, சொத்தைப் பல் வந்தது. கம்பெனி பிறகு தானாகவே செத்துப்போனது. அந்தக் குழந்தைகள்தான் சாகாமல் வளர்ந்து, தொப்பை வைத்து, சம்பளம் வாங்கி, இப்போது இரும்பு வவ்வாலை இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே குழியில் இரண்டாவது முறை விழுவதற்கு நாற்பது வருடம் காத்திருக்கும் பிராணி மனிதன் ஒன்றுதான்.

மூக்காரிடம் ஐம்பத்தொன்பது இருந்தது. சாப்பாட்டு மேசைக்கு எதிரே, கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆறு வரிசையில். ஐந்தாவது வரிசையின் தொடக்கத்தில் ஓர் ஓட்டை. அதில் கம்பெனி விளம்பரத்திலிருந்து வெட்டிய இரும்பு வவ்வாலின் படத்தை அடையாளத்துக்கு ஒட்டியிருந்தார். மனைவியும் மகளும் இருபது வருடங்களாக அந்த முகமூடியைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறார்கள்.

அந்த வீட்டில் இன்னொரு ஓட்டையும் உண்டு. குளியலறைக் கதவு ஈரத்தில் ஊறிக் கீழே அழுகி, தாழ்ப்பாள் ஒரு பக்கமும் அது விழ வேண்டிய துளை இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துபோயின. உள்ளே போகிறவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மனைவி பாடுவாள். கல்லூரியில் படிக்கும் மகள் பாடத்தை ஒப்பிப்பாள். மூக்கார் இருமுவார். புதுக் கதவுக்கு என்று ஒரு தொகை ஒதுக்கி வைத்திருந்தது. தச்சர் வந்து இரண்டுமுறை அளவும் எடுத்துப் போயிருந்தார்.

பழைய அட்டைகளை இணையத்தில் விற்கும் ஆட்களுக்கு ஒரு பொது லட்சணம் இருக்கிறது. எல்லாருக்கும் போன மாதம்தான் ஒரு மாமா இறந்திருப்பார். அந்த மாமாவுக்குப் பிள்ளை இருக்காது, பரண் இருக்கும். பரணில் ஒரு தகரப்பெட்டி. அட்டையை எல்லாக் கோணத்திலும் படமெடுத்துப் போடுவார்கள், எல்லாப் படத்திலும் ஒரு மூலையைக் கட்டை விரல் மறைத்திருக்கும். "விரலை எடுத்துட்டு ஒரு போட்டோ போடுங்க" என்றால் அந்த நிமிஷமே சிக்னல் போய்விடும். திரும்பி வரும்போது, "நேத்திலேருந்து ஒருத்தர் முழுப் பணத்தையும் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாருண்ணா, உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்ற செய்தியோடு வரும். மாமாக்கள் இந்த வேகத்தில் சாவதைப் பற்றி வாங்குகிறவர்கள் யாரும் கவலைப்பட்டதில்லை. அடுத்த மாமா எப்போது என்பதே கவலை.

இந்த மாமாக்களின் சாவுக்கு அதிகாரி போல உட்கார்ந்திருந்தவர்தான் மூக்கார். சேகரிப்பாளர்களின் இணையக் குழுவில் அவரைத் தவிர நாற்பத்து மூன்று பேர். யார் எந்த அட்டையை வாங்குவதானாலும் முதலில் மூக்காரிடம் காட்டுவார்கள். வங்கியில் அவர் கருத்தை யாரும் கேட்பதில்லை, வீட்டில் கேட்ட ஞாபகம் யாருக்கும் இல்லை. குழுவில் மட்டும் நாற்பத்து மூன்று பேர் அவர் வாயைத் திறக்கக் காத்திருந்தார்கள். அவருக்கு இருந்த சொத்து அதுதான். அந்தப் பெருமையில் அவர் ஒரு காரியம் செய்தார். 'போலி அட்டையைக் கண்டுபிடிக்கப் பதினோரு வழிகள்' என்று ஒரு நீண்ட கட்டுரையைக் குழுவில் எழுதினார். இடப்பக்க ஓரம் வலப்பக்கத்தைவிட ஒரு மயிரிழை குறுகியிருக்கும். ஊதா விளக்கில் பழைய காகிதம் ஒளிராது. முகமூடியின் சிவப்பு, கோட்டைத் தாண்டி வலப்புறம் கசிந்திருக்கும். பின்பக்கம் பபிள்கம் மாவுக்கறை இருக்கும். முகர்ந்தால் சர்க்கரையும் ரப்பரும் கலந்த வாடை வரும். இப்படிப் பதினொன்று, படங்களோடு, அளவுகளோடு. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள்கூட உப்பின் அளவை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை.

குழுவில் அதை மிகுந்த கவனத்தோடு படித்தவர் ஒருவர்தான். பழம்பொருள் பண்ணையார் என்ற பெயரில் விற்பனை செய்பவர். தூங்கும் பூனைதான் அவருடைய படம். முகம் பார்த்தவர் கிடையாது.

பண்ணையார் ஓர் இரும்பு வவ்வாலைத் தபாலில் அனுப்பினார். பணம் வேண்டாம், பார்த்துக் கருத்துச் சொன்னால் போதும் என்றார். மூக்கார் பார்த்தார். ஏழு குறை. ஏழையும் விவரமாக எழுதி, தன் செலவிலேயே திருப்பி அனுப்பினார். பதில் வந்தது: "குருவே, நானே ஏமாந்துட்டேன். எனக்கு வித்தவன் படுபாவி. நீங்க மட்டும் இல்லன்னா நான் எத்தனை பேரை ஏமாத்தியிருப்பேனோ!"

மூன்று மாதம் கழித்து இன்னொன்று வந்தது. வேறு மாமா. இதில் மூன்று குறைதான். ஊதா விளக்கில் ஒளிர்ந்தது, மூலை கூராக இருந்தது, மணம் பபிள்கம் மணமாக இல்லாமல் அச்சு மை மணமாக இருந்தது. மூன்றையும் மூக்கார் இன்னும் விவரமாக எழுதினார். மூலை எவ்வளவு மழுங்கியிருக்க வேண்டும் என்று படம்கூடப் போட்டுக் காட்டினார். "குருவே, உங்க காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும்" என்றார் பண்ணையார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். சூனியக்காரனுக்குப் பாடமும் எடுத்து, தேர்வும் வைத்து, தபால் செலவும் செய்தவர் இவர் ஒருவர்தான்.

மூன்றாவது அட்டை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, வங்கியிலிருந்து நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைக் கடன் வாங்கி வந்து மூக்கார் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகச் சரிபார்க்க, மகள் கட்டுரையை வாசித்தாள். ஒன்று சரி. இரண்டு சரி. ஏழு சரி. பின்பக்கம் பபிள்கம் மாவுக்கறை இருந்தது, நீந்துகிற வாத்தின் வடிவத்தில், அலகெல்லாம் வைத்து. மணம் இருந்தது, சற்றுத் தாராளமாகவே இருந்தது. பதினொன்றும் சரி.

"அப்பா, நீங்க எழுதினது அப்படியே வரிசையா இருக்கே. யாரோ படிச்சிட்டுச் செஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

"அசல்னா அப்படித்தான்மா இருக்கும்."

"அப்ப சட்டத்துல இருக்கிற அம்பத்தொன்பது? அதுல எதுவும் பதினொண்ணும் பாஸ் ஆகலையே. முப்பத்தாறுல ஓரம்கூட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"அதெல்லாம் பழசாயிடுச்சு."

"இது?"

"இதுவும் பழசுதான். பத்திரமா இருந்திருக்கு. நீ போய்ப் படி."

மனைவி குளியலறைப் பக்கம் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். மறுநாள் தச்சருக்கு அவளே போன் செய்து, "இந்த வருஷம் வேணாம்ண்ணே. எங்க வீட்டுல எல்லாருக்கும் குரல் நல்லா இருக்கு" என்று சொன்னாள்.

கதவுப் பணம் பண்ணையாருக்குப் போனது, சட்டத்தின் ஓட்டை அடைபட்டது. நாற்பது வருடக் கனவு கண்ணாடிக்குள் போனது. குழுவில் நாற்பத்து மூன்று பேரும் கைதட்டும் படம் போட்டார்கள்.

குழுவின் உள்வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு பல் டாக்டரின் கிளினிக்கில் கூடும். பல் டாக்டர், டைல்ஸ் கடைக்காரர், மூக்கார், மூன்று பேர்தான். அதே பபிள்கம்மை மென்று பல்லைக் கெடுத்துக்கொண்ட தலைமுறையின் வாயில்தான் டாக்டர் மாடி வீடு கட்டினார் என்பதால், கம்பெனிமேல் அவருக்கு மட்டும் வருத்தம் இருந்ததில்லை. அந்த ஞாயிறு மூக்கார் அட்டையை வெல்வெட் துணியில் வைத்துக் கொண்டுபோனார். டாக்டர் ஒரு மாதிரி சிரித்தார்.

"மூக்கு சார், கோவிச்சுக்காதீங்க. ஒரு சர்ப்ரைஸ். நீங்க அசல்னு சொன்ன அன்னைக்கே நான் பண்ணையார்ட்ட பேசிட்டேன். இன்னொரு மாமா இருந்தாராம்."

அவர் இடுக்கி வைக்கும் டப்பாவிலிருந்து ஓர் இரும்பு வவ்வாலை எடுத்தார். மூக்கார் வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வாத்து.

"சார், என்ன சார் முகம் ஒரு மாதிரி ஆவுது?"

"ஒண்ணுமில்ல. இந்தக் கறை…"

டைல்ஸ் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நானும் சர்ப்ரைஸாதான் வெச்சிருந்தேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். "என்னுதுலயும் ஒரு கறை இருக்கு. என் சம்சாரம் கோழின்னா. நான் வாத்துன்னேன்."

பல் பிடுங்கும் நாற்காலியின் தட்டில் மூன்றையும் கவிழ்த்து வைத்தார்கள். மூன்று வாத்துகள், ஒரே அளவில், ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக நீந்திக்கொண்டிருந்தன. பபிள்கம் மாவு காகிதத்தில் படிவது மழைத்துளி மண்ணில் விழுவது மாதிரி. ஒன்றைப் போல் ஒன்று விழாது. இது மூக்காரே கட்டுரையில் ஒன்பதாவது வழியாக எழுதியது. இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரியும். ஆனால் போட்ட பணமும் பட்ட பெருமையும் போலி என்று வாய்விட்டுச் சொல்ல விடவில்லை. பூனைக்கு மணி கட்ட வந்தவர்களா அவர்கள்? மணியை மூக்கார் கையில் கொடுத்துவிட்டு நின்றார்கள்.

போலி என்று ஒரு சொல் சொன்னால் வாத்துகள் மூன்றும் அங்கேயே செத்துவிடும். கூடவே மூக்கும் போய்விடும். நாளை முதல் குழுவில் அவரும் கூட்டத்தில் ஒருவர். மூக்கார் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கம்மை பாக்கெட்டுல வெக்கிறது மனுஷன் இல்ல, மெஷின்" என்றார் மெதுவாக. "மெஷின் ஒரே இடத்துலதான் வெக்கும். நாப்பத்தொண்ணு ஒரே ஒரு நாள்தான் ஓடியிருக்கு. அன்னைக்குப் பாத்து அந்த மெஷின்ல ஒரு பல்லு உடைஞ்சிருக்கு. அதான் இந்த வடிவம்."

"பல்லா?" என்றார் டாக்டர். நிம்மதி அவர் முகமெல்லாம் வழிந்தது. "அப்ப சரிதான். பல்லு உடைஞ்சா கடி மார்க் இப்படித்தான் ஒரே மாதிரி விழும். தினம் பாக்கிறேனே."

"கோழின்னு சொன்னவளை இப்பவே போன் பண்ணித் திட்டணும்" என்றார் டைல்ஸ்.

அன்று மாலையே பன்னிரண்டாவது வழி குழுவில் ஏறியது: நாற்பத்தொன்றாம் அட்டையின் பின்பக்கம் வாத்து வடிவக் கறை இருந்தே தீரும், வாத்து இல்லாதது போலி. பண்ணையார் முதல் ஆளாக, "குருவே, புல்லரிக்குது" என்று எழுதினார். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி. அந்த வாரமே மேலும் இரண்டு மாமாக்கள் காலமானார்கள். வாத்துக்குத் தனி விலை வந்தது.

மூக்காருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும் என்று அவர் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளவும் இல்லை. குளியலறையில் மட்டும் கொஞ்சம் அதிகமாக இருமினார்.

மூன்று வாரம் கழித்து மனைவி அவருடைய கால்சட்டைகளை உயரம் குறைக்கத் தையல்காரம்மாவிடம் கொண்டுபோனாள். கழன்ற ஒரு பட்டனுக்கு ஜோடி தேடி அந்தம்மா பட்டன் டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். பட்டன்களோடு, அடியில் விரித்திருந்த ஓர் அட்டையும் விழுந்தது. மனைவி அதை எடுத்துப் பார்த்தாள். இருபது வருடம் சோற்றோடு பார்த்த முகம்.

"இது எப்படிம்மா உங்ககிட்ட?"

"எங்க அண்ணன் சின்ன வயசுல கம்மு வாங்கித் தின்னதுல வந்தது. டப்பா அடி துருப்பிடிச்சிருந்துச்சா, துரு பட்டன்ல ஏறக் கூடாதுன்னு போட்டேன். ஏன்?"

மனைவி நினைத்திருந்தால் ஒரு ஜிப் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"இதை யாருக்கும் சும்மா குடுத்துடாதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பல் டாக்டர் கிளினிக்குக்குக் கொண்டுபோங்க. எங்க வீட்டுக்காரரும் அங்க இருப்பாரு. ஆனா அவர்கிட்ட விக்காதீங்க, எங்ககிட்ட கதவு வாங்கவே காசு இல்ல. டாக்டர் நல்ல விலை குடுப்பாரு."

ஞாயிறன்று தையல்காரம்மா பட்டன் டப்பாவோடு கிளினிக்கில் நுழைந்தாள். பல்வலி என்று நினைத்து டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அவள் டப்பாவைத் திறந்து அட்டையை எடுத்து மூக்கார் கையில் கொடுத்தாள்.

இரும்பு வவ்வாலின் இடது காலடியில் ஒரு வட்டத் தடம். கோட்டுப் பட்டன் ஒன்று வருடக்கணக்காக அழுத்தியதில் விழுந்தது. ஓரங்கள் கோணல். பதினோரு வழிகளில் நான்கு உருப்படியாகத் தேறினால் பெரிய விஷயம். மூக்கார் வழக்கப்படி அதை மூக்கருகே கொண்டுபோனார்.

துரு வாடையும் நூல் வாடையும் முதலில் வந்தன. அவற்றுக்கு அடியில், மிகவும் அடியில், கிட்டத்தட்ட இல்லாத மாதிரி, அது இருந்தது. சர்க்கரை செத்து, ரப்பர் மட்டும் மிஞ்சிய வாடை. பண்ணையாரின் அட்டையில் தாராளமாக இருந்தது நேற்று வாங்கிய பபிள்கம்மின் மணம் என்று அந்த நொடியில் மூக்குக்குத் தெரிந்தது. ஆளைப் பற்றி நாம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மூக்கு நல்ல மூக்கு. அது பொய் சொல்லவில்லை. பொய் சொல்வதற்கு அதற்குக் கீழே வேறு உறுப்பு இருந்தது.

"திருப்புங்க சார், திருப்புங்க" என்றார் டைல்ஸ்.

திருப்பினார். மங்கலான மாவுக்கறை ஒன்று, எந்தப் பறவையின் சாயலும் இல்லாமல்.

"வாத்து எங்க?" என்றார் டாக்டர். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. "வாத்து இல்லையே மூக்கு சார்?"

நாற்பது வருடம் தேடியது கையில் இருந்தது. தட்டில் வழக்கம்போல் மூன்று வாத்துகள். இது அசல் என்றால் அவை என்ன? அவற்றுக்கு மெஷினும் உடைந்த பல்லும் கண்டுபிடித்துக் கொடுத்தவர் என்ன? மூக்காரின் கட்டை விரல் அந்தப் பட்டன் தடத்தை ஒருமுறை தடவியது. பிறகு உதடு வெளியே வந்தது.

"போலி."

டாக்டரும் டைல்ஸும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

தையல்காரம்மா கோபப்படவில்லை. அட்டையை வாங்கி மறுபடி டப்பா அடியில் பொருத்தமாக வைத்து, பட்டன்களை மேலே கொட்டினாள்.

"அன்னைக்கு என் கையெழுத்தே என்னுது இல்லன்னீங்க. இன்னைக்கு எங்கண்ணன் தின்ன கம்மு அவன் திங்கலைங்கிறீங்க. இருக்கட்டும் சார். அதுக்காவது ஒரு சுழி போட்டா சரியாகும்னு சொன்னீங்க. இதுக்கும் எதையாச்சும் போட்டா சரியாயிடுமா?"

"அதெல்லாம் முடியாதும்மா" என்றார் மூக்கார்.

அவள் போனதும் டாக்டர் உற்சாகமாகி, தான் போனில் பிடித்த படத்தைக் குழுவில் ஏற்றினார்: 'இன்றைய போலி! தெருமுனைத் தையல்கடையிலிருந்து. வாத்து கிடையாது. மூக்கு சார் ஒரே நொடியில் பிடித்துவிட்டார்.' ஒருவர் பின் ஒருவராகச் சிரிக்கும் படம் போட்டார்கள். பண்ணையார் மட்டும் ஒன்றும் போடவில்லை.

மூக்காரிடம் வேறொரு திட்டம் இருந்தது. ஊருக்குப் போலி என்று சொன்னதைத் தனியாகப் போய் வாங்கிக்கொள்வது. போலிக்கு என்ன விலை வரப்போகிறது? அவளும் கொடுத்துவிடுவாள். சட்டத்துக்குள் வாத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகிறது? தனக்குத் தெரிந்தால் போதும். திங்கட்கிழமை மதிய இடைவேளையில், சாப்பிடாமல், வேக வேகமாகத் தையல்கடைக்கு நடந்தார்.

"அதுவா? நேத்து சாயங்காலமே குடுத்துட்டேனே சார்."

"யாருக்கு?"

"பேரு சொல்லல. ரொம்ப மரியாதையான ஆளு, உக்காருங்கன்னு நான் சொல்ற வரைக்கும் உக்காரல. நீங்கதான் அவருக்குக் குருவாம். 'குரு போலின்னா போலிதாம்மா, ஆனா படம் அழகா இருக்கு, ஆசைக்கு வெச்சுக்கிறேன்'னாரு. நான் சும்மா எடுத்துட்டுப் போங்கன்னேன். மாட்டேன்னுட்டாரு. ரெண்டு டஜன் பட்டனும் ஒரு ஜிப்பும் வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. நல்ல ஜிப்பு சார். பித்தளை."

அவள் அதை ஒருமுறை மேலும் கீழும் இழுத்துக் காட்டினாள். வழுக்கிக்கொண்டு போனது.

"உங்க கால்சட்டை ரெடியா இருக்கு" என்றாள். "கையெழுத்து வேணாம். எடுத்துட்டுப் போங்க."

சனிக்கிழமை காலை குழுவில் பண்ணையார் ஒரு படம் போட்டார். இரும்பு வவ்வால், அரிய பிரதி, காலமான மாமாவின் தகரப்பெட்டியிலிருந்து. முதல்முறையாகக் கட்டை விரல் எதையும் மறைக்கவில்லை. முன்பக்கப் படத்தில், வவ்வாலின் இடது காலடியில், கோட்டுப் பட்டனின் வட்டத் தடம். மூக்கார் நாற்காலியை விட்டு எழுந்தார். விரலால் அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

பின்பக்கம் ஒரு வாத்து. புத்தம் புதிது. நாற்பது வருடம் கெடாமல் கிடந்த அந்த மங்கிய கறையின்மேலேயே, அலகும் வாலுமாக, பளிச்சென்று குத்தியிருந்தது. பன்னிரண்டாவது வழிக்கு உட்பட வேண்டுமே! உலகத்தில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அட்டைகளில் ஒன்று, மூக்காரின் சட்டத்துக்குப் பணிந்து, தன்னைப் போலியாக்கிக்கொண்டு அசலாகியிருந்தது.

கீழே டைல்ஸ் எழுதினார்: 'ஓரம் கோணலா இருக்கே?' டாக்டர் எழுதினார்: 'வாத்து இருக்கு. ஆனாலும் மூக்கு சார் சொல்லட்டும்.' அதற்குக் கீழே ஒவ்வொருவராக, 'மூக்கு சார்?', 'சார் எங்க?', 'சார்?'

மூக்கார் 'போ' என்று தட்டினார். அழித்தார். போலி என்றால் வாத்து இருந்தும் எப்படிப் போலி என்று கேட்பார்கள். பட்டன் தடத்தைப் பற்றிச் சொன்னால் தையல்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறுபடியும் தட்டினார்.

'அசல்.'

அந்தக் குழுவில் இரும்பு வவ்வாலைப் பற்றி அவர் எழுதிய ஒரே உண்மை அது. அதையும் உண்மை என்பதற்காக எழுதவில்லை.

'குருவே!' என்று பண்ணையார் உடனே கைகூப்பினார். ஐந்து நிமிடத்தில் அட்டை விற்றுப்போனது. எடுத்தவர் டாக்டர். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்றார்.

மூக்கார் போனைக் கையில் பிடித்தபடியே, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்து, ஏதோ ஒன்றில் சாய்ந்தார். அது உள்பக்கமாக நகர்ந்தது. உள்ளே பாட்டு சட்டென்று நின்றது.

"யாரது கதவைத் தள்றது?" என்று மனைவியின் குரல் வந்தது. "பாடிட்டு இருக்கேன்ல, காது கேக்கல?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

மூக்கார் இருமினார்.